படம் தொடங்குமுன் நடந்த கதை

2013-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 23-ந் தேதி ‘மெட்ராஸ் கஃபே’ என்னும் இந்திப் படம் வடநாட்டு நகரங்களில் வெளியாயிற்று. மெட்ராஸின் பெயரைத் தாங்கிய அப்படம் மெட்ராஸில் வெளியாகவில்லை. தமிழ் அமைப்புகள் பலவும் எதிர்ப்புத் தெரிவித்தன. தமிழ்நாட்டுத் தியேட்டர்க்காரர்கள் திரையிட முன்வரவில்லை. ஆக, தமிழர் சம்பந்தப்பட்ட ஒரு கதையைத் தமிழ்நாட்டார் நீங்கலாகப் பிறரெல்லாம் கொட்டகையில் அமர்ந்து பார்த்தனர். பிழைப்பை நாடி வெளி மாநிலங்களில் வந்து குடியேறிய நாமோ, பார்த்தவர்களின் நடுவே இருந்தோம், இன்றும் இருக்கிறோம்.

பழைய படத்தைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று நேயர்கள் கேட்கலாம். இக்காலத்தில் படங்கள் கொட்டகையோடு முடிவதில்லை. பத்து வருஷத்துக்கு முந்திய படத்தையும் பிள்ளைகள் கைபேசியில் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளோ இந்தியிலும் ஆங்கிலத்திலும் பாடம் படிப்பவர்கள். இலங்கை யுத்தத்தைப் பற்றி அவர்களுடைய பள்ளிப் புத்தகத்தில் இருப்பது சில வரிகளே. மிச்சத்தை இந்தப் படம் கற்பித்துவிடுகிறது. ஆகையால் அது என்ன கற்பிக்கிறது என்பதை நாம் கவனித்தே ஆகவேண்டும்.

முதலில் படத்தின் நிறைகளைச் சொல்லிவிடுகிறேன். டைரக்டர் ஷூஜித் சர்க்கார் வங்காளி. கதாநாயகன் ஜான் ஆபிரகாம், நமது உளவுத்துறையாகிய ‘ரா’வின் சார்பில் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பப்படும் அதிகாரி விக்ரம் சிங்காக வருகிறார். அதிகாரி என்றால் பத்துப் பேரை ஒரே அடியில் வீழ்த்தும் சினிமா அதிகாரி அல்லர். மேலதிகாரி சொன்ன வேலை ஏன் கெட்டுப்போயிற்று என்று புரியாமல் திகைக்கும் மனிதர். கோப்பும் டெலிபோனும் ஒட்டுக்கேட்ட செய்தியுமாகக் காலந்தள்ளுபவர். ஆட்டமும் பாட்டமும் இல்லை. கதாநாயகியாக வரும் பத்திரிகைக்காரப் பெண்ணுக்கும் அவருக்கும் இடையே காதல் என்று ஒன்றைப் புகுத்தவில்லை. இந்திப் படத்தில் இதுவே பெரிய துணிச்சல். வினாடி வினா நிகழ்ச்சிகளால் வீடுதோறும் அறிமுகமான சித்தார்த்த பாசு, டில்லியில் இருக்கும் உளவுத்துறைத் தலைவராக வந்து, குரலை உயர்த்தாமலே நடித்திருக்கிறார். ஒலி அமைப்புக்காகப் படத்துக்குத் தேசிய விருதும் கிடைத்தது. கடைசி அரை மணி நேரம், முடிவு இன்னதென்று அறிந்திருந்தும் நெஞ்சு படபடக்கிறது. முன்னாள் பிரதமர் மாலைகளை ஏற்றபடி நடந்து வருகிறார். விக்ரம் ஓடி வருகிறார். வந்து சேர முடியாது என்பது நமக்குத் தெரியும். அந்தக் காட்சியைக் குறை சொல்ல என்னால் முடியாது.

பெயர்களை மாற்றி வைத்திருக்கிறார்கள். விடுதலைப் புலிகளுக்குப் பதிலாக ‘எல்.டி.எஃப்.’, பிரபாகரனுக்குப் பதிலாக அண்ணா பாஸ்கரன், பிரதமருக்குப் பெயரே இல்லை. எல்லாம் கற்பனை என்று முதலில் எழுத்தும் போட்டுவிடுகிறார்கள். கற்பனை என்று நம்புவார் யாருமில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. கதையை எங்கே தொடங்குவது என்று தீர்மானிக்கும்போதே யாரைக் குற்றவாளி ஆக்குவது என்பதும் பாதி தீர்மானமாகிவிடுகிறது. இப்படத்தின் கதை, இந்திய அமைதிப்படை இலங்கை சென்றதற்குப் பிறகு தொடங்குகிறது. அங்கே ஏற்கெனவே ஒரு யுத்தம் நடக்கிறது. தமிழ் இளைஞர்களிடம் ஏற்கெனவே துப்பாக்கிகள் இருக்கின்றன. நமது அதிகாரிகள் சமாதானத்தை உண்டாக்கவும் தேர்தலை நடத்தவும் முயல்கிறார்கள். அந்தத் துப்பாக்கிகள் எப்படி வந்தன? அவற்றைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவர் யார்? படத்தில் அதற்குக் காட்சி இல்லை. ஒரு தேசம் அயல்நாட்டு யுத்தத்தில் மறைவாக ஆற்றிய பங்கைச் சொல்ல வந்த படம், அந்தப் பங்கின் முற்பகுதியை மறைவிலேயே விட்டுவிட்டது.

அந்த முற்பகுதி 1983 ஜூலையில் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 13 சிங்கள ராணுவ வீரர்கள் கொல்லப்பட்டதை அடுத்துக் கொழும்பிலும் பிற ஊர்களிலும் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. வாக்காளர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு கூட்டம் வீடு தேடி வந்ததாக அக்காலத்துச் செய்திகள் கூறுகின்றன. நூற்றுக்கணக்கானவர் மாண்டனர் என்பது சர்க்கார் கணக்கு. ஆயிரக்கணக்கானவர் என்பது தமிழர் கணக்கு. அதன் பின் நான்கு வருஷங்களில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட அகதிகள் கடல் கடந்து தமிழ்நாடு வந்து சேர்ந்தனர்.

இங்கே ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒரு வார்த்தை. இலங்கையை அந்நிய நாடு என்கிறோம். 1914-இல் பாம்பன் பாலம் திறந்தது முதல் எழும்பூரில் சீட்டு எடுத்துக்கொண்டு ‘போட் மெயில்’ ஏறினால், தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறித் தலைமன்னார் சேர்ந்து, அங்கிருந்து மறுபடி ரயிலேறிக் கொழும்பு போய்விடலாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடிற்று. யுத்தம் வந்ததும் அதுவும் நின்றது. சீட்டு வாங்கிக்கொண்டு போய் வந்த வழியிலே அகதிகள் கள்ளத்தோணியில் வந்தனர். அயல்நாட்டு யுத்தம் என்ற சொல்லை இந்தச் செய்தியோடு சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

1983-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இந்திரா காந்தி அம்மையாரின் சர்க்கார் ஒரு தீர்மானத்துக்கு வந்தது. ஒரு கையால் பேச்சுவார்த்தை; மறுகையால் இளைஞர் குழுக்களுக்கு ஆயுதப் பயிற்சி. ‘ரா’வின் பொறுப்பில் டேராடூன் பக்கத்து மலைகளிலும், பிறகு தமிழ்நாட்டிலும் முகாம்கள் ஏற்பட்டன. புலிகள் மட்டுமல்ல, டெலோ, ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எஃப். முதலிய குழுக்களும் பயிற்சி பெற்றன. ஒரே குழு ஓங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பல குழுக்களை வளர்த்தார்கள் என்பது அக்காலத்தை எழுதியவர் பலரின் கருத்து. அவ்வாறு வளர்ந்த குழுக்கள் ஒன்றையொன்று கொன்றன. 1986 மே மாதத்தில் டெலோவின் தலைவர் சிறீ சபாரத்தினத்தைப் புலிகள் கொன்றார்கள். படத்தில் அண்ணாவுக்கு எதிராக நமது அதிகாரிகள் தூக்கி நிறுத்த முயலும் போட்டித் தலைவருக்கும் ‘ஸ்ரீ’ என்றே பெயர் வைத்திருப்பதைக் கவனிக்கலாம்.

இதெல்லாம் ரகசியம் என்று சொன்னாலும் எத்தனை நாள் ரகசியமாக இருந்தது? 1984 மார்ச்சிலேயே ‘இந்தியா டுடே’ பத்திரிகை தமிழ்நாட்டு முகாம்களைப் பற்றி விரிவாக எழுதிவிட்டது. டில்லி மறுத்தது. முகாம் இருந்த ஊர்களின் டீக்கடைக்காரர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்றைப் பார்லிமெண்டில் மறுக்க வேண்டியிருந்தது. பிற்பாடு, அக்காலத்தில் கொழும்பில் நமது ஹைகமிஷனராக இருந்த ஜே.என். தீட்சித், 1998-இல் வெளியிட்ட தம் நூலில் பயிற்சி அளித்ததை ஒப்புக்கொண்டார். அதற்கு முன் ராஜீவ் கொலையின் பின்னணியை ஆராய்ந்த ஜெயின் கமிஷனின் இடைக்கால அறிக்கை 1997-இல் வெளிப்பட்டு, அந்தக் கொந்தளிப்பில் குஜ்ராலின் மத்திய சர்க்காரே கவிழ்ந்தது. ஒரு மத்திய சர்க்காரைக் கவிழ்த்த அளவுக்குப் பகிரங்கமான விஷயம், 2013-இல் வந்த படத்துக்கு மட்டும் தெரியாமல் போக நியாயமில்லை.

நமது சர்க்கார் ஏன் இதில் இறங்கியது? தமிழர்மீது இரக்கம் ஒரு காரணம். தமிழ்நாட்டில் எழுந்த கொதிப்பு மற்றொரு காரணம். மூன்றாவது காரணம், 1987 ஜூலை 29-ந் தேதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அன்று மாற்றிக்கொண்ட கடிதங்களில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்கு விரோதமாக யாருக்கும் தரக்கூடாது. அங்குள்ள எண்ணெய்த் தொட்டிகளை இரு தேசங்களும் கூட்டாகப் புதுப்பிக்க வேண்டும். இலங்கையிலுள்ள அந்நிய ரேடியோ நிலையங்களை மறுபரிசீலனை செய்ய வேண்டும். அந்நிய ராணுவ நிபுணர்கள் விஷயத்தில் கலந்தாலோசிக்க வேண்டும். கடிதத்தில் யாழ்ப்பாணத்துக் குடியானவனைப் பற்றிய பேச்சைக் காட்டிலும் துறைமுகத்தைப் பற்றிய பேச்சே மேலோங்கி நிற்கிறது. தேசத்தின் பாதுகாப்பை நாடுவது சர்க்காரின் கடமையே, நான் மறுக்கவில்லை. ஆனால் அது நோக்கங்களில் ஒன்று என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதம் முன்பு, ஜூன் 4-ந் தேதி, பெங்களூரிலிருந்து ஐந்து சரக்கு விமானங்கள், மிராஜ் போர் விமானங்களின் காவலோடு பறந்து, யாழ்ப்பாணத்தின்மீது சுமார் 25 டன் உணவும் மருந்தும் போட்டன. அந்த நடவடிக்கைக்கு நமது ராணுவம் இட்ட பெயர் ‘பூமாலை’. யாழ்ப்பாணத்து ஜனங்கள் கூரைமேல் ஏறிக் கை அசைத்தார்கள். அமைதிப்படை போய் இறங்கியபோதும் மாலை போட்டு வரவேற்றார்கள். அக்டோபர் 10-ந் தேதி, அந்தப் படையே புலிகளோடு யுத்தம் தொடங்கிற்று.

அக்டோபர் 11-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கியக் காலாட்படைப் பிரிவினர் 30 பேரில் 29 பேர் மாண்டனர், ஒருவர் பிடிபட்டார். புலிகள் முன்கூட்டியே செய்தியறிந்து காத்திருந்தனர். அதே மாதம் 21-ந் தேதி நமது படையினர் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகள் என அறுபதுக்கும் மேற்பட்டவர் மாண்டனர் என்று அவ்வூரார் கூறுகின்றனர். இரு தரப்பும் சுட்டுக்கொண்டதில் சிக்கினார்கள் என்றது நமது தரப்பு. இவ்விரண்டையும் சேர்த்துச் சொன்னாலொழிய அந்த யுத்தத்தின் கதை விளங்காது.

கொழும்பிலும் வேறொரு மறைவு வேலை நடந்தது. 1989-இல் ஜனாதிபதியான பிரேமதாசா, இந்தியப் படையைத் துரத்துவதற்காகப் புலிகளுக்கே ஆயுதம் கொடுத்தார் என்பது பின்னாளில் இலங்கையிலேயே வெளிப்பட்டது. ஆக, டில்லி பயிற்சி கொடுத்த கையில் கொழும்பு துப்பாக்கி கொடுத்தது. நடுவில் நின்று மாண்டவர் நமது சிப்பாய்கள். ஏறத்தாழ 1,200 பேரைப் பறிகொடுத்துவிட்டு, 1990 மார்ச் 24-ந் தேதி கடைசிக் கப்பல் திருகோணமலையை விட்டுப் புறப்பட்டது. திரும்பி வந்த படையை வரவேற்க அப்போதைய முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. அடுத்த ஆண்டு மே 21-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை உலகம் அறியும்.

இவ்வளவு நீண்ட கதையைப் படம் என்ன செய்கிறது என்றால், கடல் கடந்த ஊரிலுள்ள ஒரு காப்பி ஹோட்டலில் கொண்டுபோய் அடைத்துவிடுகிறது. அங்கே மேலைநாட்டாரின் வியாபாரமும் உளவும் கைகோத்துச் சதி செய்கின்றன. நமது பக்கத்தில் யாழ்ப்பாணத்து அதிகாரி ஒருவர் துரோகியாகிவிடுகிறார். அவர் பெயர் பாலா. அவர் ஒருவர் தவறாமல் இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்னும் எண்ணத்தோடு பார்ப்பவர் எழுந்து வீட்டுக்குப் போகிறார். பாலாவின் கதைக்கு ஓர் ஆதாரம் இல்லாமலில்லை. சென்னையிலிருந்த உளவுத்துறை அதிகாரி ஒருவர் அந்நிய உளவாளிகளின் வலையில் விழுந்து 1987-இல் கைதான செய்தி அந்நாளில் பத்திரிகைகளில் வந்தது. ஆனால் ஓர் அதிகாரியின் சபலத்தைக்கொண்டு ஏழெட்டு வருஷத்துக் கொள்கையை விளக்கிவிட முடியுமா? பார்சல் ஆபீசில் ஒரு மூட்டை காணாமற்போனால் கடைசியாகக் கையெழுத்திட்ட குமாஸ்தாவின் தலையில் போட்டுவிட்டுக் கோப்பை மூடுவார்கள், அது போலத்தான்.

எங்கள் ஆபீசில் இரவு முறையில் என்னோடு இருக்கும் ஒருவர் நல்ல மனிதர், கான்பூர்ப் பக்கத்தவர். வண்டி தாமதமான ஓர் இரவில் இந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்து முடித்தார். முடித்துவிட்டு, “என்ன தம்பி, உங்கள் ஆட்கள் இப்படிச் செய்துவிட்டார்களே!” என்றார். அவர் சொன்னதில் பகை இல்லை. தமிழ் பேசுகிறவன் என்ற ஒரே காரணத்தால் நான் அவருக்கு அந்தக் கூட்டத்தில் ஒருவனாகத் தெரிந்தேன், அவ்வளவுதான்.

“பாயி சாகேப், சுடக் கற்றுக்கொடுத்தது யார் என்று படத்தில் வந்ததா?” என்று கேட்டேன்.

“யார்? பாகிஸ்தானா?” என்றார் அவர்.

டேராடூன் என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். வண்டி வரும் வரையில் நடந்ததைச் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது, என்மேல் அல்ல. “எங்கள் ஜில்லாப் பையன்களும் போனார்களே அந்தப் படையில். அவர்களுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். அதற்கு நான் என்ன சொல்வேன்?

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு சம்பாஷணை வாய்த்திருக்கும். தமிழ்நாட்டிலிருப்பவர் படத்தைத் தடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். நாம் அதைப் பார்த்தவரோடு மறுநாள் காலையில் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். ஆகவேதான் தடை செய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. தடுத்ததனால் படம் மாறிவிடவில்லை. அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்புத்தான் போயிற்று. தமிழிலேயே இதே கொலையை வைத்து ஆர்.கே. செல்வமணி எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ படம், தணிக்கையிலும் கோர்ட்டிலும் பல வருஷங்கள் கிடந்து 2007-இல்தான் வெளிவந்தது. அதற்குள் பார்க்க வேண்டிய தலைமுறை நடுவயதை எட்டிவிட்டது. நம்மவர் கதையை நம்மவர் சொல்ல விடாமலும், பிறர் சொன்னால் பார்க்க விடாமலும் வைத்திருந்தால், மிஞ்சுவது கான்பூர் நண்பர் கேட்ட கேள்விதான்.

புலிகள் செய்த கொலைகளை மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரில் மாண்டவர் ராஜீவ் காந்தி மட்டுமல்லர். பந்தோபஸ்துக்கு நின்ற போலீசார், கூட்டத்துக்கு வந்த சாதாரண ஜனங்கள் என்று பலர் மாண்டனர். அதற்கு முந்திய ஆண்டு ஜூனில், ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவையும் அவரோடிருந்தவர்களையும் கோடம்பாக்கத்திலேயே சுட்டுக் கொன்றார்கள். இவை நடந்தவை. ஆரம்பத்தையும் சேர்த்துச் சொல் என்பதே நான் கேட்பது.

‘உங்கள் ஆட்கள்’ என்று சொல்பவருக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் உண்டு. அதைப் படத்தில் தேடினேன், இல்லை. 1946-இல் பம்பாயில் பிறந்தவர் ராமசாமி பரமேஸ்வரன். தந்தை பெயர் கே.எஸ். ராமசாமி, தாயார் ஜானகி. நம் வீடுகளைப் போலத் தெற்கேயிருந்து வந்து குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. அங்குள்ள தென்னிந்தியக் கல்விச் சங்கத்தில் படித்துப் பட்டம் பெற்றவர். ராணுவத்தில் சேர்ந்து, மகார் ரெஜிமெண்டின் மேஜராக இலங்கை சென்றார். 1987 நவம்பர் 25-ந் தேதி பின்னிரவில், ஆயுதம் தேடப் போய்த் திரும்பும் வழியில் அவருடைய பிரிவைப் புலிகள் மறைந்திருந்து தாக்கினர். மேஜர் பதறாமல் பின்பக்கமாகச் சுற்றிச் சென்று அவர்களை வளைத்தார். கைகலப்பில் ஒருவன் அவர் மார்பில் சுட்டான். சுட்டவனின் துப்பாக்கியைப் பறித்து அவனையே வீழ்த்தினார். சாகும் தறுவாயிலும் கட்டளை இட்டுக்கொண்டிருந்தார். அமைதிப்படையில் பரமவீர சக்கரம் பெற்றவர் அவர் ஒருவரே.

அன்றிரவு அங்கே துப்பாக்கி ஏந்தியிருந்த இரு தரப்பிலும் தாய்மொழி தெரிந்த ஒருவரையொருவர் கொன்றார்கள் என்பதை நினைத்துப் பார்க்கிறேன். விக்ரம் சிங் என்று ஒரு கதாநாயகனைக் கற்பனை செய்தவர்கள், பரமேஸ்வரனைப் பற்றி ஒரு வரி சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ‘உங்கள் ஆட்கள்’ என்ற சொல் சற்றுத் தயங்கியிருக்கும்.

படத்தைப் பார்க்காதவர்கள் பாருங்கள். பிள்ளைகளோடு சேர்ந்தே பாருங்கள். பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு வேண்டாம், இரத்தமும் சடலமும் மிகுதி. தொடங்குமுன் ஒரு கால்மணி நேரம், 1983 முதல் 1987 வரை நடந்ததைத் தமிழிலேயே சொல்லிவிட்டுப் பிறகு போடுங்கள். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போடலாம். அதில் உளவு இல்லை, அகதிகள் இருக்கிறார்கள்.

டில்லி செல்பவர்கள் இந்தியா கேட் அருகே 2019-இல் திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகத்துக்குப் போய் வாருங்கள். கட்டணம் கிடையாது. அமைதிப்படையில் மாண்டவர்களின் பெயர்களும் அங்கே கல்லில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பரமவீர சக்கரம் பெற்ற 21 பேரின் மார்பளவுச் சிலைகள் தனியே ஒரு பகுதியில் உள்ளன. பரமேஸ்வரனும் அங்கே இருக்கிறார்.